சம்மதப் பத்திரத்தில் மாட்டிய ஜீப்

வடகரப்பதித் தென்னந்தோப்பைக் கட்டியாளும் அண்ணன் நல்லதம்பி அவர்களுக்கு, மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து ஜீப் டிரைவர் தம்பி மொக்கையன் பணிவாக எழுதிக்கொள்வது. இங்கே நானும் சுருளியம்மாளும் மகள் சிவசங்கரியும், ஹாஸ்டலில் இருந்து அவளோடு படிக்கும் உங்கள் மகன் வேல்முருகனும் சுகம். ஜீப்புக்குத்தான் சுகமில்லை. அங்கே அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் நான் "அண்ணே" என்று வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசி முடித்து வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். போன ஆனியில் சிவசங்கரி ஒரு சம்மதப் பத்திரத்தை நீட்டி, "அப்பா, கையெழுத்து" என்றாள். முழுக்க மலையாளம். எனக்குத்தான் பஸ் போர்டுக்கு மேல் மலையாளம் ஓடாதே. ஸ்கூல் டூர் போலிருக்கிறது என்று போட்டுவிட்டு, "எத்தனை நாள்?" என்று கேட்டேன். "வருஷம் பூராவும்ப்பா" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் வகுப்புப் பிளஸ் டூ பிள்ளைகள் சேர்ந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்க ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், தலைவி இவள். கூடப் படிக்கிற எந்தப் பிள்ளையாவது குடித்துவிட்டாலும், ஓட்டுகிறவர் குடித்திருந்தாலும், பத்திரப்படி ஒரு போன் அடித்தால் நான் போய்க் கூட்டி வர வேண்டுமாம். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்கக் கூடாது. அந்தப் பிள்ளையே சொல்லும்வரை அதன் வீட்டிலும் சொல்லக் கூடாது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்னுடையது.

முதல் போன் வந்தபோது திண்டுக்கல்லிலிருந்து வந்த புதுமணத் தம்பதியை வியூ பாயிண்டுக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். மணிகண்டன் என்று ஒரு பையன். "அங்கிள், கல்யாண வீட்டுல இருக்கேன். என்னைக் கூட்டிப் போக வந்த மாமா, வண்டிச் சாவியக் காதுக்குள்ள விட்டுக் கொடைஞ்சிக்கிட்டு இருக்காரு" என்றான். ஜீப்பைத் திருப்பினேன். பையனை ஏற்றினால் மாமாவும் ஏறிவிட்டார், ஏறினவர் மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து மூணாறு வரைக்கும் ஒப்பாரி பாடினார், அதுவும் ராகம் தப்பாமல். சரி, இனி நம் பேர் நாறிவிட்டது என்று நான் தலையில் கைவைத்தால், அந்தத் தம்பதி இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, "உள்ளூர்க் கலை நிகழ்ச்சி அருமை" என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது வருகிறவர்களெல்லாம் "பாட்டுக்காரர் எங்கே?" என்று கேட்கிறார்கள். அவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?

அது போகட்டும். மாரியம்மன் கோயில் கெடா விருந்தில் ஒரே ஒரு டம்ளர் குடித்தேன். பெரிய டம்ளர்தான், பொய் சொல்லவில்லை. எஸ்டேட் சூப்பர்வைசர் பூபதிராஜா முன்னால் என் மகள் வந்து, "அப்பா, சாவி" என்று கையை நீட்டினாள். "ஏட்டி, நான் ஒன்னப் பெத்தவன்" என்றேன். "அதனாலதான் கேக்கேன்" என்றாள். ஜீப்புக்கு முன்னால் அவள் கூட்டாளிகள் மூன்று பேர் கைகட்டி வரிசையாக நிற்கிறார்கள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்? சாவியைக் கொடுத்துவிட்டுத் தேயிலைக்காடு வழியாக லயத்து வீட்டுக்கு நடந்தேன். இரண்டு காலிலும் அட்டை. சுருளியம்மாள் உப்பைக் கொண்டுவந்து வைத்தாள், சிரிப்பை மட்டும் அவளால் அடக்க முடியவில்லை.

கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை. கிரிக்கெட்டில் ஜெயித்த குஷியில் மூன்று பையன்கள் பம்ப் ஹவுசுக்குப் பின்னால் பீர் குடித்திருக்கிறார்கள். எதிரே ஆள் நின்றால் தெரியாத மூடுபனி, இறங்குகிற வழியில் கொண்டை ஊசி வளைவு. ஒரே பைக்கில் மூன்று பேரும் ஏறி, ஸ்டார்ட்டும் பண்ணியாயிற்று. கடைசி நிமிஷத்தில் ஓட்ட இருந்த பையன் இறங்கி சிவசங்கரிக்குப் போன் அடித்தான். நான் போய் மூன்று பேரையும் ஏற்றினேன். போன் அடித்தவன் ஜீப் முழுக்க வாந்தி எடுத்தான். கேள்வி கேட்கக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அவனாகவே அழுதுகொண்டு சொன்னான்: "எங்கப்பாவக் கூப்பிடறதுக்கு அந்தக் கொண்டை ஊசி வளைவே தேவலைன்னு இருந்துச்சு. பெல்ட்டாலயே உரிச்சிருவாரு." ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன் அண்ணே. பையன் யாரென்று கேட்காதீர்கள், சத்தியம். அவன் அப்பா கோபக்காரர், ஆனாலும் நல்ல மனிதர்.

ஆகவே உங்களிடம் விண்ணப்பம். பஞ்சாயத்துக்கு நடந்து நடந்து நீங்கள் மலையாளம் எழுதப் பழகியவர். ஹெட்மாஸ்டருக்கு நாலு வரி எழுதி, இந்தப் பத்திரத்திலிருந்து என்னை விடுவிக்கவும். சீசன் நேரத்தில் என்னால் முடியவில்லை.

அண்ணிக்கு முழங்கால் தேறவும் தோப்புக்கு நல்ல மழை பெய்யவும் மாரியம்மனை வேண்டும்,
தம்பி மொக்கையன்.

பின்குறிப்பு: நம் வேல்முருகன் சட்டையைச் சுருளியம்மாள் இரண்டு தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை. ஹாஸ்டலுக்கு வேறு சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஐயோ, எழுதிவிட்டேனே! பேரைப் பேனாவால் அடித்துப் பார்த்தேன், அடித்தாலும் தெரிகிறது. புதுத்தாள் எடுக்கவும் மனம் வரவில்லை. கிடக்கட்டும். ஹெட்மாஸ்டருக்கு எழுத வேண்டாம் அண்ணே, ஜீப் ஓடட்டும். பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் போனில் ஒரு மிஸ்டு கால் இருக்கும், பாருங்கள். அவன் முதலில் கூப்பிட்டது உங்களைத்தான். ஒரு ரிங் போனதும் பயந்து வைத்துவிட்டானாம்.