அப்பீல் அண்ணையும் மீற்றர் போடாத ரக்சியும்

ரக்சி விசாரணைத் தலைவரே, எங்கள் பார்க்டேல் பகுதியின் மிகப் பெரிய சண்டைக்காரனை ஊமையாக்கியது நீங்கள்தான்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அப்பீல் அண்ணை. ரொறன்ரோவில் அவர் பேசாமல் ஏற்றுக்கொண்ட முடிவு ஒன்றுகூட இல்லை. சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் மெலிந்தால் முதலாளியைக் கூப்பிடுவார். முதலாளி மறுத்தால் முதலாளியின் மனைவியைக் கூப்பிடுவார். கோயிலில் நட்சத்திரத்தை மாற்றிச் சொன்ன ஐயரை அர்ச்சனையை முதலிலிருந்து தொடங்க வைத்தவர்.

"மேல ஒராள் எப்பவும் இருப்பான் தம்பி. ஏறிக்கொண்டே போகவேணும்" என்பார்.

ரக்சி ஓட்டினார். செத்தவீட்டுக்குப் போகிறவர்களை ஏற்றினால் மீற்றர் போடமாட்டார், காசும் வாங்கமாட்டார். ஒருநாள் நகரசபைப் பரிசோதகர் மறித்தார். பின் சீற்றில் ஒரு குடும்பம் அழுதுகொண்டிருந்தது. மீற்றர் ஓடவில்லை. அது குற்றம்.

விசாரணையில் மொழிபெயர்க்க நான் போனேன். இனி எல்லோருக்கும் மீற்றர் போடுவேன் என்று வாக்குக் கொடுத்தால் மன்னிப்பதாக நீங்கள் சொன்னீர்கள்.

"ஏலாது. உங்கட வீட்டில ஆரும் செத்தாலும் மீற்றர் போடமாட்டன் எண்டு சொல்லு" என்றார் அண்ணை என்னிடம்.

நான் தயங்கினேன். அவரே தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். உங்கள் முகம் சிவந்தது. லைசென்ஸ் போய்விட்டது.

அண்ணை கலங்கவில்லை. அரசாங்க அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளைக் கேட்க ஒம்புட்ஸ்மன் என்று ஓர் அதிகாரி இருக்கிறாராம். கலியாணத்துக்குப் போவதுபோலக் கோட் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அங்கிருந்த பெண் முழுக்கதையையும் கேட்டார். மாகாண அரசின் அலுவலகங்களைத்தான் விசாரிக்கலாம், நகரசபை எடுத்த ரக்சி முடிவைத் தொடத் தங்களுக்கு அதிகாரமில்லை என்றார்.

"அப்ப நகரசபைக்கு மேல ஆர்?"

"கோர்ட்டாம் அண்ணை. லோயர் பிடிக்கட்டாம்."

"லோயருக்கு என்னத்தைக் குடுக்கிறது? பறிச்ச லைசென்சையோ?"

அதையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அண்ணை இப்போது ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறார். இந்தக் குளிருக்குள் அவருடைய அறை ஹீற்றர் நின்றுவிட்டது. வீட்டுக்காரனிடம் போய்ச் சத்தம் போடச் சொன்னேன்.

"சொல்லி என்ன, தம்பி?" என்றுவிட்டு ஜாக்கெற்றோடு படுத்துவிட்டார்.

தலைவரே, இந்தப் பத்திரிகையிலேயே உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள். நீங்கள் பிழை விட்டால் அந்த மனிதன் யாரிடம் போக வேண்டும்? கெதியாகச் சொல்லுங்கள். அவர் சத்தம் போடாத பார்க்டேலில் எங்களுக்கு இருக்கப் பிடிக்கவில்லை.