கெளுத்திக்கு ஜாமீன் நின்ற மீசை

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வீரம் வந்தது. இனி இந்த வீட்டில் ஒரு காரியமாவது தன் இஷ்டப்படி நடக்கவேண்டும் என்று தீர்மானித்தார். தீர்மானித்த கையோடு வண்ணமீன் கடைக்குப் போய் ஒரு கெளுத்தி வாங்கிவந்தார்.

கூடத்துத் தொட்டியில் மனைவியின் பன்னிரண்டு மீன்கள் இருந்தன. விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. இன்னொரு தொட்டியும் இன்னொரு டஜனும் வேண்டுமென்று அவள் ஆறு மாதமாகக் கேட்கிறாள். "பன்னிரண்டு போதும்" என்று இவரும் ஆறு மாதமாகச் சொல்கிறார். வீட்டில் அவர் பேச்சு எடுபட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"இது என்னங்க, மீசையும் கீசையுமா?"

"கெளுத்தி. பகலெல்லாம் கல்லுக்கடியில தூங்கும். ராத்திரிதான் நடமாட்டம்."

"ராத்திரி நடமாடுறதை நம்பி இந்தப் பொடிசுகளை விடலாமா? முழுங்கிட்டா?"

"பரம சாதுன்னு கடைக்காரர் சொன்னார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் மீசையை முறுக்கினார். 'மீசைக்காரர் கடை' என்றால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள்.

"ஒரே ஒரு மீன் குறையட்டும், இந்த மீசையை எடுத்துடறேன்."

அவள் மீசையைப் பார்த்தாள். பிறகு குனிந்து கெளுத்தியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்றால் சந்தேகப்படவேண்டும். வீரத்தில் அவருக்கு அது மறந்துபோயிற்று.

மறுநாள் காலை எண்ணினார். பத்துதான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். அப்போதும் பத்துதான். மனைவி அடுக்களையில் இருக்கும்போதே ஓடிப்போய் மீன்கடைக் கதவைத் தட்டினார்.

"சாதுன்னியேப்பா? ரெண்டைக் காணோம்."

"சாதுதான் சார். வாயைப் பாருங்க."

"தூங்குறவன் வாயை எங்கே போய்ப் பார்க்கிறது? ரெண்டு மீன் குடு."

திரும்பிவந்து தொட்டியில் விட்டு மூச்சு வாங்கினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, பன்னிரண்டும் அப்படியே இருக்கே."

"நான்தான் சொன்னேனே" என்றார்.

அடுத்த நாளும் பத்து. அதற்கடுத்த நாளும் பத்து. தினம் இரண்டு, கூடாமல் குறையாமல். ஒரு செதில் மிச்சமில்லை, தண்ணீர் கலங்கவில்லை, கெளுத்தியின் வயிறு இம்மிகூட உப்பவில்லை. பயம் போய் அவருக்குப் பிரமிப்பு வந்துவிட்டது. அளவாகச் சாப்பிட்டு, அடையாளம் வைக்காமல், விடிந்ததும் ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கிறதே, இப்படியும் ஒரு ஜீவனா? கல்லுக்கடியில் நீண்டிருந்த அந்த மீசையைப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தானும் ஒரு மீசை வைத்திருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

ஏழாம் நாள் காலையிலும் பத்து. மீன்கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"பொடி மீன் தீர்ந்துபோச்சு சார். இருந்ததெல்லாம் நீங்களே வாங்கிட்டீங்க."

வாக்கு வாக்குதான். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது உதட்டுக்கு மேலே காற்று புதிதாகப் பட்டது.

"என்னங்க இது!" மனைவி கரண்டியைக் கீழே போட்டாள்.

"தோத்துட்டேன். தினம் ரெண்டு ரெண்டா முழுங்கிட்டான். நான்தான் உனக்குத் தெரியாம வாங்கி வாங்கி விட்டேன்."

அவள் அவரைத் துணி துவைக்கிற இடத்துக்கு அழைத்துப்போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் எட்டிப் பார்க்காத இடம் அது. அலமாரியின் மேல் புத்தம்புதுக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் பதினான்கு மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"நீங்க படுத்ததும் தினம் ரெண்டை எடுத்து இங்கே விட்டேன். கெளுத்தி வாயைக் குனிஞ்சு பார்த்தேனே, உளுந்து அளவுதான் இருக்கு. கீழே விழுறதைப் பொறுக்கத்தான் அதுக்குத் தெரியும். பெரிய வாயா இருந்தா வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கமாட்டேன்."

கெளுத்தியைப் பார்த்துப் பிரமித்தது எவ்வளவு அற்பம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவளைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று மலைத்துப்போய் நின்றார். கை தானாக மீசையை முறுக்கப் போய், வெறும் உதட்டைத் தடவிவிட்டு இறங்கியது.

மனைவி அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"மீன் ஒண்ணுகூடக் குறையலையேங்க. மீசையை எதுக்கு எடுத்தீங்க?"