தன் கருமாதிக்கு நனைந்து வந்தவர்

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அன்று விழுந்தது பனியா மழையா என்பதுகூட மறந்துவிட்டது. ஹல்வார்ட் தன் கருமாதி விருந்துக்கு நடுவே சொட்டச் சொட்ட வந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் குடாவின் தலைவர் அவர். ஐஸ்லாந்தின் சட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். வலை இழுக்கும்போதும் அதையே ஒப்பிப்பார் என்பதால் அவர் படகில் யாரும் ஏறுவதில்லை. ஆகவே கவிழ்ந்தபோதும் தனியாகத்தான் கவிழ்ந்தார். ஒன்பது நாள் ஒரு பாறைத் திட்டில் கிடந்தார். சுற்றிலும் கடல்நாய்கள். அவை குறுக்கே பேசவில்லை. பிறகு நீர் வடிந்த ஒரு நாளில் கழுத்தளவுக் கடலில் நடந்து கரையேறிவிட்டார்.

முதலில் வாய் திறந்தது அவர் மனைவி யோருனின் அண்ணன் புரூசி.

"நல்ல சகுனம்! மூழ்கினவன் தன் விருந்துக்கே வந்தா, கடல்தேவதை அவனை நல்லா வெச்சிருக்கான்னு அர்த்தம். அடுப்புப் பக்கம் இடம் விடுங்க. யாரும் பேச்சுக் கொடுக்காதீங்க."

"மச்சான், நான் சாகலய்யா!"

"பாவம், அதுக்கே தெரியல," என்றார் புரூசி.

சாப்பிட்டுக் காட்டினால் நம்புவார்கள் என்று ஹல்வார்ட் நினைத்தார். ஒன்பது நாள் பசி. இரண்டு ஆட்டுத்தலையும் ஒரு சட்டித் தயிரும் மளமளவென்று உள்ளே போயின. விருந்தினர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"சாதுவான பேய் சாப்பிடாது. பசிச்ச பேய்தான் ஆளை அடிக்கும்!" என்றார் புரூசி.

சரி, தொட்டாவது பார்க்கட்டும் என்று புரூசியின் கையைப் பிடித்தார். ஹல்வார்டின் கை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. புரூசி அலறிய அலறலில் நாய்கள் வெளியே ஓடின.

"யோவ், போன வருஷம் என் செம்மறிகளோட காதுக் குறியை மாத்தி உன் மந்தையில சேர்த்துக்கிட்டியே, அதுகூட எனக்குத் தெரியும்யா!" என்றார் ஹல்வார்ட்.

"பாத்தீங்களா!" என்று புரூசி கத்தினார். "உயிரோட இருந்தவரைக்கும் இது அவனுக்குத் தெரியாது. செத்ததுக்கப்புறம்தான் தெரிஞ்சிருக்கு! யோருன், வாசல் மன்றத்தைக் கூட்டு!"

வீட்டைவிட்டுப் போகாத பேயின்மீது வழக்குத் தொடுத்து, வாசலிலேயே தீர்ப்புச் சொல்வது எங்கள் வழக்கம். வழக்குத் தொடுக்க வேண்டியவள் வீட்டுக்காரி.

யோருன் அவரைப் பார்த்தாள். பிறகு ஆறு பேரை வாசலில் நிறுத்தினாள்.

"பன்னிரண்டு பேர் வேணும்," என்றார் ஹல்வார்ட் அடுப்போரத்திலிருந்து. "ஆறு பேர் சொன்னா தீர்ப்பு செல்லாது. நான்பாட்டுக்கு இங்கேயே உக்காந்திருக்கலாம்."

மேலும் ஆறு பேர் வந்தார்கள்.

"ஆர்னி மகன் ஹல்வார்ட் மேல வழக்கு," என்றாள் யோருன்.

"ஆர்னியா? எங்கப்பா பேரு ஊல்ஃப்! பேர் தப்பா இருந்தா வழக்கே விழுந்துடும்மா."

அவள் திருத்திச் சொன்னாள்.

"சாட்சியைக் கூப்பிடவே இல்லையே நீ?"

"மறந்துட்டேன்," என்றாள். குரல் உடைந்திருந்தது. பயம் என்று நினைத்தோம்.

சாட்சிகள் பேசினார்கள். பன்னிருவரும் அவர் வெளியேற வேண்டும் என்றார்கள். ஹல்வார்ட் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. யாராவது இருக்கச் சொல்வார்களா என்று சற்று நின்றார்.

"முறைப்படிதான் இருக்கு," என்றார். போகும்போது கதவையும் அவரே சாத்தினார்.

குடாவின் மறுகரையில் ஒரு மீன்குடிசையில் அவர் பதினொரு குளிர்காலம் தனியாக இருந்து இறந்தார். அங்கே எழுந்த புகையைப் பேய்ப்புகை என்று சொல்லி யாரும் நெருங்கவில்லை. தீர்ப்பை மதித்து அவரும் இந்தப் பக்கம் வரவில்லை. புரூசி செம்மறிகளோடு செழித்து, தூக்கத்தில் போய்ச்சேர்ந்தார். யோருன் மறுமணம் செய்துகொள்ளாமலே இறந்தாள்.

அந்த வீட்டுச் சமையற்காரி குரோவா மட்டும் இன்னும் இருக்கிறாள். "பாவம், யோருனுக்குச் சட்டமே தெரியாது," என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். அவள் மீன் அரிவதை நிறுத்தவில்லை.

"தெரியாதா? அவர் ஒப்பிச்சதை எல்லாம் இருபது வருஷம் பக்கத்துல உக்காந்து கேட்டவங்கய்யா அவங்க. பேயோ மனுஷனோ, வீட்டுலயே கெடக்கட்டும்னுதான் ஒவ்வொரு தப்பா பண்ணிப் பாத்தாங்க."