எட்டு அயிரையும் ராக்கம்மாள் குழம்புச் சட்டியும்

நல்லூர், திருப்பூர்
புதன்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பிரதீப் அவர்களுக்கு,

மாமனார் ஆறுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை மருதாளும் சுகம். லூதியானா குளிரில் நீங்களும் அன்புசெல்வியும் ஸ்வெட்டருக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நீங்கள் விட்டுப்போன அயிரை மீன் எட்டும் சௌக்கியம். தினமும் போனில் பேசுகிறவன் கடிதம் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். வீடியோவில் என் முகத்தைப் பார்த்தால் என்னவென்று கேட்பீர்கள், கேட்டால் சொல்லிவிடுவேன், சொல்லும்போது உங்கள் முகத்தை நான் பார்க்கவேண்டி வரும். அதனால்தான் காகிதம்.

தொட்டியை ஒப்படைக்கும்போது, "இதுக அடியிலயே கிடக்குமுங்க மாமா, தீனி கொஞ்சம் போட்டாப் போதும், மணலை மட்டும் கிளறாதீங்க" என்றீர்கள். சரி என்றேன். உள்ளதைச் சொன்னால், விரல் நீளம்கூட இல்லாமல் மண் நிறத்தில் கிடக்கும் மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் பொறுப்பு என்று வந்துவிட்டதே, காலையில் எழுந்ததும் எண்ணிவிடுவேன். முப்பத்தொரு வருஷம் பனியன் கம்பெனி செக்கிங் மேஜையில் ஊசித்துளையைக்கூடத் தப்பவிடாத கண் இது. முதல் வாரம் எட்டும் இருந்தன. இன்னும் தெளிவாகத் தெரியட்டுமே என்று பரணில் கிடந்த பழைய செக்கிங் டியூப் லைட்டை இறக்கித் தொட்டிக்கு மேலே மாட்டினேன். மறுநாள் ஐந்துதான் இருந்தன. அதற்கடுத்த நாள் இரண்டு. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. மூடி போட்டது போட்டபடி இருக்கிறது, பூனை வர வழியில்லை.

லைட்டின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை மாப்பிள்ளை. ராக்கம்மாள் மேல்தான் வந்தது. நாம் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில் கடைசி வீட்டில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறாரே, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், ஓவர்லாக் டெய்லர், அவர்தான். தொட்டி வந்த அன்றே பார்த்துவிட்டு, "ஆத்தி, அயிரை! எங்க ஊருக் கம்மாயில அரிச்சுப் பிடிப்போம்ணே. புளியக் கரைச்சுக் குழம்பு வச்சா அம்புட்டு ருசி!" என்று சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவர் வீட்டிலிருந்து புளி கொதிக்கிற மீன் வாசம் வந்தது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் குழாயடிக்குப் போனேன். ஏழு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஏனுங்க ராக்கம்மா, எங்க மாப்பிள்ளை மீனு நல்லா வெந்துருச்சுங்களா?" என்று சத்தம் போட்டேன். திருட்டுப் பட்டம் கட்டும்போதுகூட நமக்கு 'ங்க' போகாது. அவர் கரண்டியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்து மூடியைத் திறந்தார். மொச்சைக்கொட்டை, கத்திரிக்காய், நெத்திலிக் கருவாடு.

"நல்லாப் பாருங்கண்ணே, செக்கிங்ல இருந்தவுகதான?"

அதோடு திரும்பியிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கரண்டியை வாங்கி அடிவரைக்கும் கிளறிப் பார்த்தேன். எழுதும்போதே கை கூசுகிறது. குடிவைத்திருக்கிறோம் என்கிற ஒரே திமிரில் ஒரு பொம்பளையின் சோற்றுச் சட்டியைக் கிளறினேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு நேராக நம் வீட்டுக்குள் வந்தார். டியூப் லைட்டை அணைத்தார். மருதாளின் துண்டை எடுத்துத் தொட்டிமேல் போட்டு மூடினார். "பேசாம உக்காருங்க" என்றார். நானும் மருதாளும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். மணலில் கடுகு மாதிரி இரண்டு கண். பக்கத்தில் இன்னும் இரண்டு. பிறகு மீசையோடு ஒரு தலை. ஒவ்வொன்றாக எட்டும் எழுந்து வந்தன.

"வெளிச்சம் பட்டா மணலுக்குள்ள பொதைஞ்சுக்கிரும்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று அவர் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று மருதாள் சொன்னாள்.

மறுநாளே குழாயடியில் எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவரும் பெரிய மனசு பண்ணி மறந்துவிட்டார். எல்லாம் சுபமாக முடிந்தது. அன்புசெல்விக்கு மட்டும் இது தெரியவேண்டாம், அவளுக்கு ராக்கம்மாள் என்றால் உயிர்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, நல்லபடியாக ஊர் வந்து சேர ஆண்டவனை வேண்டும்,
ஆறுச்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மருதாள் வாங்கிப் படித்துவிட்டாள். "இதென்னுங்க, நீங்க எப்ப மன்னிப்புக் கேட்டீங்க?" என்றாள். கேட்கவில்லை மாப்பிள்ளை. மூன்று நாளாக அவர் வருகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன். அவர் பெருமாநல்லூரில் வேறு வீடு பார்க்கிறாராம். இப்போதுதான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். ராக்கம்மாள் துணி மடித்துக்கொண்டே, "என்கிட்ட என்னத்துக்குண்ணே? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். கொழாயடில நின்ன ஏழு பேருக்குத்தான் தெரியாது" என்றார். ஐந்து வீட்டில் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டேன், கரண்டி விஷயம் உட்பட. மீதி இரண்டு பேர் ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள். கம்பெனி வேன் வருகிற நேரம், முக்குக்குப் போகிறேன். அன்புசெல்வியிடம் நீங்களே படித்துக் காட்டிவிடுங்கள்.