என் வீட்டில் ஒரு கெஞ்சி

என் மனைவி மணிமொழியின் மனதில் இன்னொருவன் இருக்கிறான் என்பது எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெரிந்தது. கிண்டியில் வேலை முடிந்து, மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கெஞ்சி நின்னான் பாரு, எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சி."

என்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். அன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லிக் கெஞ்சி நின்றது நான்தானே. பன்னிரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் விடாமல் செய்துவரும் ஒரே வேலை அது. அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்று செருப்பும் கையுமாக நெகிழ்ந்துபோய் நின்றேன்.

"அந்த வெள்ளை முடி நெத்தியில வந்து விழும்போது... ஐயோ."

எனக்குக் காதோரம் நாலு நரை உண்டு. தடவிக்கொண்டேன்.

"காலு எவ்ளோ நீளம்."

குனிந்து என் காலைப் பார்த்தேன். சத்தியமாக நான் இல்லை.

உள்ளே போய் விசாரணையை ஆரம்பித்தேன். மணிமொழி சந்தோஷமாக இருந்தால் என்னை 'மாமா' என்பாள். கோபம் வந்தால் 'யோவ்'. ரொம்பக் கோபம் வந்தால் 'சார்'. அன்றைக்கு மாமாவில் தொடங்கினாள்.

"கெஞ்சியா? அது அவன் பேரு மாமா. ஜப்பான்காரன். கத்தி வெச்சிக்கினு இருப்பான். அனிமே."

"எனிமியா?"

"அனிமே. படம் வரைஞ்சி கதை சொல்லுவாங்க. மேல ஜஹனாரா ஊட்ல டெய்லி பாக்குறோம்."

"பொம்மைப் படமா? அதுக்கா இந்த ஐயோ?"

"பொம்மைதான். ஆனா சாப்ட கிண்ணத்தை அவனே கழுவி வெக்கிறான். உயிரோட கீற சில பேரு தட்டுலயே கையைக் கழுவிட்டு எந்திரிச்சிப் போறாங்க."

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்துப் பேச விரும்பவில்லை, அது சுத்தமான பொறாமை. நிஜமான ஆளாக இருந்தால் சொட்டை விழும், தொப்பை போடும் என்று காத்திருக்கலாம். இவனுக்கு எந்தக் காலத்திலும் வயசு ஆகாது. இவனோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

இதற்குக் காரணமும் நான்தான். தை மாதத்தில் ஒரு நாள், இனி இந்த வீட்டில் சிக்கனம் என்று பிரகடனம் செய்து கேபிள் டிவியை நிறுத்தினேன். டிவி பார்க்க ஐந்து பைசா தர மாட்டேன் என்று சபதமும் போட்டேன். மணிமொழி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். லஸ்ஸில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. முன்பெல்லாம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் இருவரும் ஆளுக்கொரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து ஊர்க் கதை பேசுவோம். நான் அவள் முதலாளியைத் திட்டுவேன், அவள் என் முதலாளியைத் திட்டுவாள். இப்போது என் டீயை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். மாடியில் ரவிக்கை தைக்கும் ஜஹனாராவிடம் பெரிய டிவி இருக்கிறது, வைஃபை இருக்கிறது. ஆறு மணியிலிருந்து ஏழரை வரை என் மனைவி கெஞ்சிக்குச் சொந்தம்.

எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் திரும்ப வேண்டும். அதற்காக ஒரு திட்டம் போட்டேன். தொடரின் பேர் 'உப்புமலை வாள்வீரன்'. மொத்தம் இருபத்துநாலு எபிசோட். இவர்கள் ஒரே எபிசோடைத் திரும்பத் திரும்பப் போட்டு ஆற அமரப் பார்க்கிறார்கள். நான் வேகமாகப் பார்த்து முடித்துவிட வேண்டும். கடைசியில் அவன் செத்துத் தொலைந்தாலும் சரி, வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டாலும் சரி, டீ குடிக்கும்போது அதைப் போட்டு உடைக்க வேண்டும். முடிவு தெரிந்த கதையை எவள் மாடியேறிப் போய்ப் பார்ப்பாள்?

ஒரே சிக்கல், நான் போட்ட சபதம். ஐந்து பைசா செலவழிக்கக் கூடாது.

முதலில் இலவசமாகக் காட்டும் ஒரு தளத்தைப் பிடித்தேன். ரம்மி ஆட வா, முடி வளர வா என்று எட்டு விளம்பரங்களை மூடிய பிறகு கெஞ்சி வந்தான். அவன் ஜப்பான் பாஷையில் பேசினான். கீழே ஓடிய எழுத்து இந்தோனேசியாவோ மலேசியாவோ, எனக்குத் தெரியவில்லை. மூன்று எபிசோட் பார்த்தேன். அவனுக்குக் கால் நீளம் என்பதைத் தவிர ஒன்றும் புரியவில்லை.

அப்புறம்தான் கம்பெனி ஸ்டோர்ஸில் என்னோடு வேலை பார்க்கும் டில்லிபாபுவிடம் போனேன்.

"இன்னா மச்சி, இதுக்கா மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு கீற? என் சம்சாரம் யார்கிட்டயோ ஒரு அக்கவுண்ட் வாங்கி வெச்சிக்கீது. அஞ்சு பேரு சேந்து பாக்குறது. அதுல 'டில்லி'ன்னு என் பேர்ல ஒண்ணு சும்மாதான் கீது. நீ பாத்துக்கோ."

"யாரோட அக்கவுண்ட்டு?"

"யாரோ அக்காவாம். மாங்காய் தின்னு மச்சி, மரத்தை எதுக்குக் கேக்குற?"

மாங்காய் இனித்தது. தமிழ் எழுத்தே ஓடியது. ஆனால் என் போனுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். கிண்டியில் பஸ் ஏறும்போது கெஞ்சி வாளை உருவுவான். எதிரியிடம் தன் சின்ன வயசுக் கதை முழுவதையும் சொல்லுவான். வெட்டப் போகும் நேரத்தில் பஸ் அடையாறு சிக்னலில் நிற்கும், டேட்டா தீரும், திரையில் வட்டம் சுற்றும். ஓங்கிய வாளோடு அவன் மறுநாள் வரை நிற்பான். அந்த நேரத்தில் மட்டும் அவன் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

வேகம் போதவில்லை என்று சனிக்கிழமை தி.நகரில் ஒரு டிவி கடைக்குப் போனேன். அம்பத்தைந்து இன்ச் டிவி ஒன்றைக் காட்டி, கலர் எப்படி என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர்களுடைய வைஃபையில் டில்லியாக நுழைந்து இரண்டு எபிசோட் கலர் பார்த்தேன். விற்பனையாளர் மோர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். மோர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"பத்தாவது எபிசோட்தானே சார்? எங்களுக்கும் விட்ட இடத்துலருந்து போடுங்க."

பொறாமை ஒன்பதாவது எபிசோட் வரை பத்திரமாக இருந்தது. அதற்கப்புறம் என்ன ஆனதென்று தெரியவில்லை. பதினாலாவதில் கெஞ்சி தன் குருவின் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் பனியில் நடந்து போனான். நான் பஸ்ஸில் கர்சீப்பை எடுத்தேன். கண்டக்டர் வந்து, யாராவது தவறிட்டாங்களா என்று மெதுவாக விசாரித்தார். இருபத்திரண்டாவதில் உப்புமலைப் பாலத்தில் கெஞ்சியின் வாள் இரண்டாக உடைந்தது. எதிரி தன் முகமூடியில் கை வைத்தான். எபிசோட் முடிந்தது.

மறுநாள் போனைத் திறந்தால் 'பாஸ்வேர்டு தவறு' என்று வந்தது.

ஓட்டமாக ஓடி டில்லிபாபுவைப் பிடித்தேன். அவன் தன் சம்சாரத்துக்குப் போன் போட்டு, உம் உம் என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சி, அந்த அக்கா பாஸ்வேர்டு மாத்திடுச்சாம். வேணும்னா டில்லி பேர்ல பாக்குற ஆளு நேர்ல வந்து கேக்கணுமாம்."

"வரேன். எங்கே வரணும்?"

"அட்ரஸ் சொல்றேன் எழுதிக்கோ. மந்தைவெளி. மார்க்கெட் பின்னாடித் தெரு. பதினேழு பை ரெண்டு. கீழ் ஊடு. வாசல்ல நீலக் கலர் சைக்கிள் நிக்குமாம்."

எழுதிக்கொண்டே வந்த நான் சைக்கிளில் நிறுத்தினேன். அது என் சைக்கிள்.

அன்று சாயங்காலம் மணிமொழி மாடிக்குப் போகவில்லை. இரண்டு டம்ளர் டீயோடு எனக்காகக் காத்திருந்தாள். எத்தனை நாள் ஏங்கிய காட்சி.

"வாங்க சார்," என்றாள்.

சார். நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நான் கேபிளை வெட்டிய வாரமே, கடையில் கொடுத்த பொங்கல் போனஸில் அந்தக் கணக்கை எடுத்திருக்கிறாள். ஜஹனாரா, டில்லிபாபுவின் சம்சாரம், இன்னும் இரண்டு பேர் என்று பங்கு பிரித்துப் போட்ட பணமும் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆக, ஐந்து பைசா செலவில்லாமல் இந்த வீட்டில் முதலில் அனிமே பார்த்தவர் ஒருவர் உண்டு. அது நான் இல்லை.

"நான்தான்னு எப்டிக் கண்டுபுடிச்ச?"

"அக்கவுண்ட்ல எல்லாம் காட்டுது. டில்லி டெய்லி அஞ்சரைக்குப் படத்தை ஆரம்பிக்கிறான். பாதியில நிறுத்துறான். கொஞ்ச நேரத்துல நீ கண்ணைத் தொடச்சிக்கினு தெருவுல வர்றதை மாடியிலருந்து பாக்குறேன். சனிக்கிழமையானா அம்பத்தஞ்சு இன்ச் டிவியில பாக்குறான். அந்த டிவி டில்லிபாபு ஊட்ல கீதா?"

"சரி, தெரியாம பண்ணிட்டேன்," என்றேன். திட்டம், சபதம், பொறாமை எதுவும் அப்போது நினைவில் இல்லை. முகமூடிக்குப் பின்னால் யார் என்பது மட்டும்தான் இருந்தது. "ரெண்டே எபிசோட்தான் பாக்கி. பாஸ்வேர்டு இன்னா?"

மணிமொழி டீயை ஒரு வாய் குடித்தாள்.

"கெஞ்சிப்பாரு."

கெஞ்சினேன். அதில்தான் எனக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம் இருக்கிறதே. கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மாமனார் பேரைச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும், "இப்ப சொல்லேன்," என்றேன்.

"அதான் சொன்னேனே. கெஞ்சிப்பாரு."

கெஞ்சல் போதவில்லை என்று புரிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து செயலில் கெஞ்சினேன். என் தட்டை நானே கழுவினேன். அவள் தட்டையும் கழுவினேன். தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தேன். காலையில் சட்னி அரைத்தேன். என் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டு, அவள் புடவைக்கும் போட்டேன். தினமும் வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பாஸ்வேர்டு கேட்பேன். தினமும் அதே பதில்.

ஐந்தாம் நாள் நான் கிண்ணம் கழுவும்போது திரும்பிப் பார்த்தால், மணிமொழி சமையலறை வாசலில் கன்னத்தில் கை வைத்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சியைப் பார்ப்பது போலவே. எனக்குக் கால் கொஞ்சம் நீண்ட மாதிரி இருந்தது. அன்றைக்குப் பாஸ்வேர்டு கேட்கக்கூட மறந்துபோனேன்.

பத்தாம் நாள். குக்கரின் அடியில் பிடித்த சாம்பாரோடு நான் போராடிக்கொண்டிருந்தேன். மாடிப்படியிலிருந்து ஜஹனாராவின் குரல் வந்தது.

"மணி, டிவியில மறுபடி பாஸ்வேர்டு கேக்குது. புதுசு இன்னா? மறந்துட்டேன்."

மணிமொழி இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"கெஞ்சிப்பாரு."

பாவம் ஜஹனாரா, இவளும் பாத்திரம் தேய்க்க வரப்போகிறாள் என்று நகர்ந்து இடம் விட்டேன். ஜஹனாரா வரவில்லை.

"இங்கிலீஷ் எழுத்துதானே? 'பா'வுக்கு ரெண்டு ஏ-வா?"

"ரெண்டு ஏ."

"ஆங், வந்துடுச்சி."

தேய்க்கும் நார் என் கையிலிருந்து குக்கருக்குள் விழுந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் கெஞ்சி மேல் பொறாமை இல்லை. ஜஹனாரா மேல்தான். அரை நிமிஷத்தில் உள்ளே போய்விட்டாள், பத்து நாள் சட்னி அரைக்காமல்.

"அதுதான் பாஸ்வேர்டா?" என்றேன்.

"மொத நாளே சொன்னேனே மாமா. நீதான் டைப் பண்ணலை."

மாமா என்று கூப்பிட்டுவிட்டாளே என்று மன்னித்தேன். குக்கரை அப்படியே போட்டுவிட்டு, நுரைக் கையோடு போனில் அடித்தேன். திறந்தது. இருபத்துமூன்றாவது எபிசோடைப் பார்த்தேன். எதிரி முகமூடியைக் கழற்றினான். யார் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் பார்க்க வேண்டும். கடைசி எபிசோடை ஆரம்பிக்கும்போது வழக்கம்போல் டேட்டா தீர்ந்தது.

மறுநாள் கம்பெனியில் போனைத் திறந்தேன். 'பாஸ்வேர்டு தவறு.'

இந்த முறை நான் பதறவில்லை. கெஞ்சவும் இல்லை. ஒரு தடவை ஏமாறலாம், இரண்டு தடவை ஏமாற நான் என்ன விவரம் தெரியாதவனா? சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மணி, புதுப் பாஸ்வேர்டு இன்னா?"

"மொதல்ல அந்தக் குக்கரைக் கழுவு."

ஒரு எழுத்து விடாமல் இங்கிலீஷில் அப்படியே அடித்தேன். தவறு என்று வந்தது. 'கழுவு'க்கு எத்தனை யு என்று கேட்டேன்.

அது பாஸ்வேர்டு இல்லையாம்.