பாம்-பாம் அண்ணன் கடலுக்கு வழிகாட்டிய ஞாயிறு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பத்திரிகை ஆசிரியர் ஐயா பொறுத்துக்கொண்டு திருத்திப் போட வேண்டும்.

சிங்கப்பூரில் எல்லாரும் சைக்கிளை ஓட்டினார்கள். பாம்-பாம் அண்ணனை மட்டும் சைக்கிள்தான் ஓட்டியது.

அவர் ரொட்டிக்காரர். பின்னால் பெரிய தகரப் பெட்டி, முன்னால் அமுக்கினால் பாம் பாம் என்று அலறும் ரப்பர் ஹார்ன். பல வருஷம் ஒரே வழியில் போய்ப் போய், தூங்கிக்கொண்டு ஏறினாலும் வண்டி அதுவாகவே வாடிக்கை வீட்டு வாசலில் போய் நின்றுவிடும். ஒருநாள் லீவு போட்டுச் சினிமாவுக்குக் கிளம்பினார். போய்ச் சேர்ந்தது கேலாங்கில் ஒரு வீட்டு வாசலில்.

"ரொட்டி எங்கே?" என்று கேட்டார்களாம்.

"இன்னிக்கு லீவு."

"அப்புறம் ஏன் வந்தே?"

"அதான் எனக்கும் தெரியலை."

முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக பெடல் மிதிக்கும். காது தப்பினால் போதும் என்று கடைக்காரர் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அவர் மனைவி கப்பலில் வந்து சேர்ந்தார். அண்ணன் விடியுமுன் போவார், மத்தியானம் வந்து தூங்குவார். அண்ணிக்கு மாடி அறையும் நாலு சுவரும்தான். பேச ஆள் இல்லை. சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னை ஊருக்கே அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அதற்கு முந்தைய வாரம் அண்ணன் எங்கள் சைக்கிள் கடைக்கு வந்தார். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த அந்தக் கடையில் நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை தெருவே குடும்பத்தோட சைக்கிள்ல கத்தோங் கடற்கரைக்குப் போவோம். பொம்பளைங்க, பிள்ளைங்க, எல்லாரும். அவ நாலு பேரோட பழகிட்டா, கடலையும் பாத்துட்டா, இருந்தாலும் இருந்துடுவா."

காப்பிக் கடையில் கூட்டம் போட்டோம். மனைவிமார் பின் கேரியரில் உட்கார வேண்டும். உட்காரும் இடத்தில் கோதுமைமாவுச் சாக்கை மடித்துக் கட்ட வேண்டும். பிள்ளைகள் முன் கம்பியில். யாரும் வேகம் காட்டக் கூடாது. நாங்கள் நானா என்று கூப்பிடும் சர்பத் கடை முஸ்லிம் அண்ணனுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை.

"மழை வந்தா?"

"நனைவோம்."

"எம் மாமியாரும் வருவேங்கிறாங்களே."

"மூணு சக்கர டிரைஷாவுல வரட்டும் லா."

"முன்னாடி போகணுமாம்."

"வழி தெரிஞ்சவன் நான். நான்தான் முன்னாடி" என்றார் அண்ணன்.

கூட்டத்தில் அண்ணன் எடுத்த ஒரே தப்பான முடிவு அதுதான். பேசாத ஆள் என்பதால் என்னைக் காற்றடிக்கும் பம்போடு கடைசியில் விட்டார்கள்.

ஞாயிறு காலை தகரப் பெட்டி இருந்த இடத்தில் அண்ணி உட்கார்ந்தார், முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு. பின்னால் கல்யாண ஊர்வலம் மாதிரி நாங்கள். காலாங் பாலம் தாண்டும் வரை எல்லாம் சரி. தாண்டியதும் அண்ணனின் வண்டி இடப்பக்கச் சந்தில் திரும்பியது. தெருவே பின்னால் திரும்பியது. ஒரு சீனர் மளிகைக் கடை முன்னால் வண்டி நின்றது. கை ஹார்னை அமுக்கியது.

கடைக்காரம்மா தட்டோடு வெளியே வந்தார். ஊர்வலத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். அண்ணனுக்கு அப்போதுதான் விழிப்பு வந்தது. எல்லாருக்கும் புரியும் கடைத்தெரு மலாயில், "ரொட்டி தடா. பினி அடா" என்றார். ரொட்டி இல்லை, மனைவி இருக்கிறாள் என்று அர்த்தம். அந்தம்மா சிரித்த சிரிப்பில் தட்டு கீழே விழுந்தது. உள்ளே ஓடிப்போய் ஆரஞ்சுப் பழங்களைக் கொண்டுவந்து அண்ணியின் மடியில் கொட்டினார்.

அடுத்த சந்திலும் இதே கதை. அதற்கடுத்ததிலும். "ஐயா, கடல் எந்தப் பக்கம்?" என்று நானா கத்தினார். "இந்தா, நேரா போயிடுறேன்" என்பார் அண்ணன். வண்டி கேட்டால்தானே?

கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்து வீடு ஒன்றில் பாட்டி ஒருவர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். தனக்குக் காய்ச்சல் கண்டபோது தினமும் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது யார் என்று நடித்தே காட்டினார். அண்ணி முக்காட்டை விலக்கிக் கணவரைப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"இதையெல்லாம் போய் என்னத்தச் சொல்றது?"

அந்த வீட்டிலிருந்து கிளம்பினோம். அடுத்த வாசல் வந்ததும் ஹார்ன் அலறியது. கடைசியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அமுக்கியது வளையல் போட்ட கை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு தகரக் கொட்டகையில் ஒதுங்கி, கடற்கரைக்கென்று கட்டிய புளிச்சோற்றை அங்கேயே பிரித்தோம். பெண்கள் அண்ணியைச் சுற்றி உட்கார்ந்து கொண்டார்கள். நானாவின் மாமியார் மட்டும் டிரைஷாவை விட்டு இறங்கவில்லை. அண்ணன் ஒரு கவளம்கூடச் சாப்பிடவில்லை.

"கெடுத்துட்டேன் தம்பி. கடலைக் காட்டி நிறுத்திடலாம்னு பாத்தேன். கடைசியில என் ரொட்டிப் பாதையைத்தான் காட்டியிருக்கேன்."

அண்ணி ஆரஞ்சு உரித்து ஒரு பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"கடல் எங்க போயிடப் போகுது? வர்ற ஞாயித்துக்கிழமை போய்க்கலாம்."

அண்ணன் குழம்பிப்போய், "வியாழக்கிழமை கப்பலாச்சே?" என்றார்.

"வாய மூடு லா" என்றார் நானா.

மறு ஞாயிறு மாமியாரின் டிரைஷாதான் முன்னால் போனது. அண்ணனை நடுவில் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் வைத்து ஓட்டிக்கொண்டு போனோம். கத்தோங் வந்ததும் அண்ணி ஓடிப்போய்த் தண்ணீரில் கால் நனைத்தார். அண்ணன் கடலைப் பார்க்கவே இல்லை. அண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பம்போடு நாலடி தள்ளி நின்றேன். கடலை நானும் சரியாகப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

எழுதி முடித்தது: 1969, மாட்டுப் பொங்கல் அன்று.