கூரைமேல் ஓடிய மாவு மில்

மின்சாரமே இல்லாமல் மின்சார மில் நடத்திய மனிதர் இவ்வுலகில் ஒருவரே. அவர் மூக்கண்டப்பள்ளியில் இருந்தார். இயற்பெயர் எவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'குக்குக் அண்ணன்'.

ஐம்பதுகளில் ஊரின் மறுகோடியில் எண்ணெய் எஞ்சின் மில் ஒன்று இருந்தது. அதன் புகைக்குழாயில் கவிழ்த்த தகர டப்பா எழுப்பும் 'குக் குக்' ஒலி கேட்ட பிறகே பெண்கள் கேழ்வரகுக் கூடையைத் தலையில் ஏற்றுவார்கள். அண்ணனின் புது மோட்டாரோ அடுத்த வீட்டுக்குக்கூடக் கேளாது. ஆகவே அவர் கூரையேறி, மண்பானையை வாயருகே பிடித்து, அவ்வொலியைத் தாமே எழுப்பினார். கூடைகள் வந்தன. மின்சாரம் போயிற்று. அண்ணன் நிறுத்தவில்லை.

"ஏண்ணா, மோட்டாரே ஓடல. சத்தம் மட்டும் ஓடுது?"

"கரண்டு சூளகிரி வந்துடுச்சும்மா. குந்து."

"அதென்னா பஸ்ஸா, ஊருக்கு ஊரு நின்னு வர?"

"பஸ்ஸு நிக்காமப் போயிடும். கரண்டு நம்மகிட்ட நிக்கும்."

பெண்கள் எழுந்தால் ஒலி வேகமெடுக்கும்; மின்சாரம் நெருங்கிவிட்டதென்று பொருள். மறுபடி உட்காருவார்கள்.

ஒருமுறை மூன்று நாள் மின்சாரம் சூளகிரியை விட்டு நகரவே இல்லை. மூன்றாம் நாள் மாலை கடைசிக் கூடையும் எஞ்சின் மில்லுக்குப் போயிற்று. போன கூடைகள் திரும்பாவிட்டால் மில்லை மூட வேண்டியதுதான்.

நான்காம் நாள் காலை மின்சாரம் வந்தது. அண்ணனின் குரல் போயிருந்தது. பானைக்குள் வெறும் காற்றே சீறியது. அரைக்கும் கல் ஆளின்றிச் சுழன்றது. அடுத்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தமிழாசிரியனாகிய என்னை நோக்கி, கண்ணீர் மல்கப் பானையை நீட்டினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக் கூரையேறினேன். எழுத்துப் பிழையின்றி, ஒவ்வோர் ஒலியையும் தெளிவாக, "குக். குக்." என்று உச்சரித்தேன்.

கால் மணி நேரத்தில் ஒரு பெண் பாதி அரைத்த மாவும் கையுமாக மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணனுக்கு என்னா ஆச்சு வாத்தியாரே? இது அவரு சத்தமில்லையே!"

"தெரியுமா உனக்கு?"

"எல்லாருக்குந்தான் தெரியும். அந்தாளு தொண்டை கிழியக் கத்தறப்போ எப்புடி வேற மில்லுக்குப் போறது? நேத்து போனதே மனசு கேக்கல."

அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுக் கூடைகள் வந்துகொண்டிருந்தன. அண்ணன் முதல் கூடையை வாங்கி மில்லில் கொட்டினார்.

அவர் குரல் தேறும்வரை பத்து நாள், முதல் மணி அடிக்கும் முன் நானே அந்தக் கூரையில் ஏறினேன்.